லாம்டனின் சங்கிலியும் நம்ம லேப் கம்ப்யூட்டரும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, காந்தி, காமராஜர், அப்துல் கலாம் பற்றி எழுத நிறைய பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் எடுத்துக்கொண்டது வில்லியம் லாம்டன் என்ற வெள்ளைக்காரர். இறந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சர்வே பாடப் புத்தகத்தில் முக்கோண அளவை வரும் இடத்தில் இவர் பெயர் ஒரு வரியில் வந்து போகும். பரீட்சைக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் நமக்கு அது போதாது என்பது என் எண்ணம். இரண்டு காரணம் சொல்கிறேன்.

ஒன்று, இந்த மனிதர் தம்முடைய முதல் பெரிய அளவீட்டின் தென்முனையை வைத்தது நம்ம திருவந்திபுரத்தில்! ஆமாம், நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில், கெடிலம் ஆற்றங்கரையில், முகூர்த்த நாளில் கல்யாணக் கூட்டம் அலைமோதும் அதே தேவநாதசாமி கோயில் ஊர்தான். இரண்டு, இன்று நாம் லேப் ரீடிங்கை எக்செல்லில் போட்டு ஃபார்முலா, கிராஃப் என்று செய்கிற எல்லாவற்றையும் இவர் இறகுப் பேனாவும் மடக்கை அட்டவணையும் வைத்துக்கொண்டு செய்தார். அவர் கணக்கை நம்ம கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் இரண்டுமே நன்றாகப் புரிகிறது.

பட்டாளத்துக்காரர்

லாம்டன் 1750களில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். சொத்தும் சிபாரிசும் கிடையாது, கணக்கு மட்டும் வந்தது. 1781-ல் பட்டாளத்தில் சேர்ந்து வட அமெரிக்கா போனார். அங்கே கனடாப் பக்கத்தில் படை வீடுகளைக் கவனிக்கும் வேலை, நடுவில் நிலம் அளக்கும் வேலை என்று பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அவரோடு சேர்ந்தவர்கள் பதவி உயர்ந்து போக, இவர் கணக்குப் புத்தகமே கதி என்று கிடந்தார்.

1796-க்குப் பிறகு அவருடைய படைப்பிரிவு இந்தியாவுக்கு வந்தது. அதன் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபு என்று பெயர் வாங்கியவர். 1799-ல் திப்பு சுல்தானை எதிர்த்து ஸ்ரீரங்கப்பட்டணம் போனபோது ஒரு சம்பவம். இருட்டில் ஒரு படை நடந்து போகிறது. தெற்கே போகிறோம் என்று தளபதி பெயர்டு நினைத்துக்கொண்டிருக்கிறார். லாம்டன் வானத்தைப் பார்த்தார். நட்சத்திரக் கணக்குப்படி படை வடக்கே, அதாவது எதிரியின் முகாமை நோக்கிப் போகிறது! சொன்னபோது தளபதி நம்பவில்லை. திசைகாட்டியை வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் படை திரும்பியது. எல்லோரும் ஒரு பக்கம் போகும்போது ரீடிங் வேறு பக்கம் காட்டினால் ரீடிங்கை நம்பு… லாம்டனின் வாழ்க்கை முழுக்க இதுதான்.

போர் முடிந்ததும் அவர் சென்னை அரசிடம் ஒரு திட்டம் கொடுத்தார். தீபகற்பத்தைக் கிழக்கிலிருந்து மேற்கு வரை முக்கோணங்களால் அளக்க வேண்டும், கூடவே பூமியின் வடிவத்தையும் கணக்கிட வேண்டும். கம்பெனிக்கு வேண்டியது வரியும் படை போகப் பாதையும். அதை மறைக்க வேண்டியதில்லை. வரைபடம் ஆட்சியின் ஆயுதமாகத்தான் வந்தது. ஆனால் லாம்டனின் மனசு பூமியின் வடிவத்தில் இருந்தது. வெல்லெஸ்லியின் ஆதரவால் அனுமதி கிடைத்தது.

சீனச் சக்கரவர்த்திக்குப் போன சங்கிலி

கருவிகளுக்கே ஒரு கதை உண்டு. ராம்ஸ்டன் என்ற புகழ்பெற்ற கருவியாளர் செய்த 100 அடி எஃகுச் சங்கிலியும், நட்சத்திரம் பார்க்கும் ஜெனித் செக்டார் கருவியும் 1793-ல் சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போன தூதுக்குழுவோடு போயின. அங்கே வேண்டாம் என்று ஆகிவிட, சுற்றி வந்து கல்கத்தா சேர்ந்து, கடைசியில் லாம்டன் கைக்கு வந்தன. இங்கிலாந்தில் கேரி என்பவர் செய்த பெரிய தியோடலைட் அரை டன் எடை. அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸ் கொண்டுபோய்விட்டார்கள். விஞ்ஞானக் கருவி என்று தெரிந்ததும் எதிரி நாட்டுக் கவர்னரே மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். சண்டை நடந்த காலத்தில் இப்படியும் நடந்திருக்கிறது!

1802 ஏப்ரல் 10-ந்தேதி பரங்கிமலை அருகே அடிக்கோடு அளக்கும் வேலை ஆரம்பமானது. பெரும்பாக்கம் பக்கமாகப் போன அந்தக் கோட்டின் நீளம் சுமார் 40,006 அடி, ஏழரை மைல். 100 அடிச் சங்கிலியை நானூறு தடவை வைக்க வேண்டும். நம்ம செயின் சர்வேயில் மாதிரி தரையில் இழுத்துப் போட்டுக் குச்சி நடுவது அல்ல. மரப்பெட்டிகளை முக்காலிகள் மேல் வைத்து, திருகால் மட்டம் சரிசெய்து, அதற்குள் சங்கிலியைப் படுக்க வைத்து, மேலே நிழல் போட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து அளந்தார்கள். இன்னொரு சங்கிலியை வேலைக்கு எடுக்காமல் பத்திரமாக வைத்து, தேய்மானம் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படுத்தினார்கள்.

தெர்மாமீட்டர் எதற்கு? இங்கேதான் எக்செல்லைத் திறக்க வேண்டும். முதல் காலத்தில் சங்கிலி வைத்த வரிசை எண், இரண்டாவதில் வெப்பநிலை. மேலே தனியாக ஒரு செல்லில் நிலையான வெப்பநிலை, இன்னொரு செல்லில் எஃகின் விரிவுக் கெழு, டிகிரி செல்சியஸுக்கு 0.0000115. மூன்றாவது காலத்தில் ஃபார்முலா: 100-ஐக் கெழுவால் பெருக்கி, அதை வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்க வேண்டும். பத்து டிகிரி கூடினால் ஒரு சங்கிலிக்கு 0.0115 அடி, மூன்றரை மில்லிமீட்டர்தான். இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். நானூறு வரிசைக்கும் கீழே இழுத்து, கடைசியில் சம் போட்டுப் பாருங்கள். 4.6 அடி வந்து நிற்கும்! எல்லா ரீடிங்கிலும் ஒரே பக்கமாக வரும் தப்பு, எத்தனை தடவை அளந்தாலும் குறையாது, கூடிக்கொண்டேதான் போகும். தியரி வகுப்பில் இரண்டு மார்க் கேள்வியாக எழுதுகிற சிஸ்டமேடிக் எரர் என்பது இந்த 4.6 அடிதான்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நிலையான வெப்பநிலை, கெழு இரண்டும் இருக்கிற செல்லுக்கு டாலர் குறி போட்டுப் பூட்டவில்லை என்றால், ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது அதுவும் கூடவே நகர்ந்து வெற்று செல்லுக்குப் போய்விடும். கம்ப்யூட்டர் தப்பு என்று கத்தாது, பாட்டுக்கு ஒரு எண்ணைக் காட்டும். அதனால் முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் கால்குலேட்டரில் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

பரங்கிமலையிலிருந்து திருவந்திபுரம்

அடிக்கோடு ஒன்று கிடைத்துவிட்டால் பிறகு சங்கிலி வேண்டாம், கோணம் போதும். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் சைன் விதிப்படி மற்ற இரண்டு பக்கமும் வரும். அந்தப் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இப்படி மலை, கோபுரம், மேடு என்று தாவித் தாவி 1802, 1803-ல் லாம்டனின் குழு சோழமண்டலக் கரையோரமாகத் தெற்கே வந்தது.

இதை எக்செல்லில் செய்பவர்கள் ஒன்று நினைவில் வையுங்கள். அதன் சைன் ஃபார்முலா டிகிரியை ஏற்காது, ரேடியனில்தான் கேட்கும். ரேடியன்ஸ் என்ற ஃபார்முலாவை உள்ளே போட்டு மாற்றிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முப்பது டிகிரிக்கு அரை வர வேண்டிய இடத்தில் மைனஸ் எண் வரும். அது ஒரு விதத்தில் நல்லது, தப்பு உடனே தெரிந்துவிடும். சில கோணத்துக்கு நம்பும்படியான எண் வருமே, அதுதான் ஆபத்து. இன்னொன்று, நம் மைதானத்து முக்கோணத்தில் மூன்று கோணம் கூட்டினால் 180 வர வேண்டும். லாம்டனின் முக்கோணத்தில் கொஞ்சம் கூட வர வேண்டும்! பூமி உருண்டை என்பதால், சுமார் 197 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு செகண்ட் வீதம் கூடும். அவர் அதையும் கணக்கில் எடுத்தார்.

தெற்கு முனை, அவர் ஏட்டில் ட்ரிவாண்டிபோரம் என்று எழுதிய திருவந்திபுரம். வடக்கு முனை, பாட்ரீ என்று அவர் எழுதிய இடம். இரண்டு இடத்திலும் ஜெனித் செக்டாரை நிறுத்தி, தலைக்கு நேர் மேலே கடந்து போகும் அதே நட்சத்திரங்களை இரவு இரவாகப் பார்த்தார்கள். தெற்கே உச்சியில் தெரியும் நட்சத்திரம் வடக்கே போனால் கொஞ்சம் சாய்ந்து தெரியும். அந்தச் சாய்வு வித்தியாசம்தான் இரண்டு ஊருக்கும் இடையிலான அட்சரேகை வித்தியாசம். வந்த விடை 1 டிகிரி 34 மினிட் 56.4 செகண்ட். முக்கோணங்கள் வழியாக வந்த தரை தூரம் சுமார் 5,74,300 அடி.

இப்போது நீங்களே கணக்குப் போடலாம். டிகிரி, மினிட், செகண்ட் மூன்றையும் மூன்று செல்லில் தனித்தனியாகப் போட்டு, மினிட்டை 60-ஆலும் செகண்டை 3600-ஆலும் வகுத்துக் கூட்டினால் 1.58233 டிகிரி. தூரத்தை இதால் வகுத்தால் ஒரு டிகிரிக்குச் சுமார் 3,62,950 அடி, அதாவது 110.63 கிலோமீட்டர். இன்று செயற்கைக்கோள் வைத்துக் கண்டுபிடித்த பூமியின் வடிவத்தில் அதே அட்சரேகைக்குக் கணக்கிட்டாலும் 110.63-தான் வருகிறது! நான் இதை முதலில் போட்டுப் பார்த்தபோது சும்மா உட்கார்ந்து அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காளைவண்டியும் பல்லக்கும் இருந்த காலம் அது.

கிராஃப் பேசும்

லாம்டனுக்கு ஒரு எண் போதவில்லை. பூமி சரியான உருண்டையா, துருவத்தில் தட்டையா என்று தெரிய, வேறு வேறு அட்சரேகையில் ஒரு டிகிரியின் நீளத்தை ஒப்பிட வேண்டும். பூமத்திய ரேகையில் அது 110.57 கிலோமீட்டர், துருவத்தில் 111.69 என்று இன்று நமக்குத் தெரியும். நடுவில் உள்ள ஊர்களை எப்படிக் கிராஃப் போடுவது? படுக்கை அச்சில் அட்சரேகையை அப்படியே போட்டால் வளைகோடு வரும். அட்சரேகையின் சைனை எடுத்து வர்க்கப்படுத்திப் போட்டால் ஏறக்குறைய நேர்கோடு! சாய்வு 1.12, செங்குத்து அச்சை வெட்டும் இடம் 110.57. திருவந்திபுரம் அளவீட்டின் நடு அட்சரேகை 12 டிகிரி 32 மினிட். அதன் சைன் வர்க்கம் 0.047. கோட்டில் வைத்தால் 110.57 கூட்டல் 0.05, அதாவது 110.62. லாம்டனின் புள்ளி கோட்டின் மேலேயே வந்து உட்காருகிறது.

நம்ம பிசிக்ஸ் லேப் ஊசல் சோதனையும் இதே கதைதான். நீளத்துக்கு எதிராக அலைவு நேரத்தைப் போட்டால் வளைவு, அலைவு நேரத்தின் வர்க்கத்தைப் போட்டால் நேர்கோடு. சாய்வு 4.03 என்று வந்தால், 39.48-ஐ அதால் வகுக்க ஈர்ப்பு முடுக்கம் 9.8. எதைப் போட்டால் நேர்கோடு வரும் என்று யோசிப்பது நம்ம வேலை, கோட்டை இழுப்பது மட்டும்தான் கம்ப்யூட்டர் வேலை. இதில் பலர் சறுக்குகிற இடம் ஒன்று: கிராஃப் வகைகளில் லைன் என்பதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, ஸ்கேட்டர் என்பதைத்தான் எடுக்க வேண்டும். லைன் என்று போட்டால் படுக்கை அச்சு எண்களை அது வெறும் பெயராக நினைத்து, சம இடைவெளியில் அடுக்கிவிடும். சாய்வு மொத்தமும் பொய்.

இன்னொரு கேள்வி வைவாவில் கேட்கலாம். லாம்டனின் கணக்கில் எந்த அளவு அதிகம் முக்கியம், சங்கிலியா நட்சத்திரமா? ஒரு செகண்ட் கோணம் தப்பினால் தரையில் சுமார் 31 மீட்டர். சங்கிலியில் வெப்பத் திருத்தத்தை மறந்தால் கூட ஏழரை மைலுக்கு 4.6 அடி, 175 கிலோமீட்டருக்கு நீட்டினால் சுமார் 20 மீட்டர். ஆக இரண்டையும் விட முடியாது, ஆனால் கோணத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். எக்செல் பத்து தசம இடம் காட்டுகிறதே என்று எல்லாவற்றையும் ரெக்கார்டில் எழுதுகிறோமே, அது விஞ்ஞானம் இல்லை. கருவி தாங்கும் அளவுக்கு மட்டும்தான் எண் எழுத வேண்டும்.

தஞ்சாவூரில் விழுந்த அடி

பிறகு லாம்டன் மேற்கே பெங்களூர், மங்களூர் வரை போனார். தீபகற்பத்தின் அகலம் அதுவரை 400 மைல் என்று நினைத்தது 360 மைல்தான் என்று தெரிந்தது. வரைபடத்தில் நாற்பது மைல் நிலம் காணாமல் போனது! பெங்களூரில் அளந்த அடிக்கோடு, பரங்கிமலையிலிருந்து முக்கோணங்கள் வழியாகக் கணக்கிட்ட நீளத்தோடு சில அங்குலமே மாறியது.

1808-ல் தஞ்சாவூர். சுற்றிலும் தட்டை பூமி, தூரம் தெரிய வேண்டுமானால் பெரிய கோயில் விமானம்தான். அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். கயிறு அறுந்து கருவி மோதி, கோணம் காட்டும் வட்டமே நெளிந்துவிட்டது. புதிது இங்கிலாந்திலிருந்து வர வருடக் கணக்கில் ஆகும். லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, சுமார் ஆறு வாரம், ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். அந்தக் கருவி அதன்பின்னும் வருடக் கணக்கில் உழைத்தது. வொர்க்‌ஷாப்பில் ஃபைல் பிடிக்கச் சலிக்கும் மெக்கானிக்கல் நண்பர்கள் இதைக் கேட்டு வையுங்கள்!

அவருக்குத் துணை நின்றவர்களையும் சொல்ல வேண்டும். 1794-ல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் எட்டுச் சிறுவர்களோடு ஆரம்பித்த சர்வே பள்ளிதான் இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் ஆரம்பம். ஜோஷுவா டி பென்னிங் போன்ற லாம்டனின் உதவியாளர்கள் அந்தப் பள்ளியில் படித்தவர்கள். நம்மைப் போல சின்ன வயசிலேயே தொழில் கற்றவர்கள் என்று சொல்லலாம். கொடி பிடித்தவர்கள், கருவி சுமந்தவர்கள், காடு வெட்டியவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. காய்ச்சலில் போனவர்கள் எத்தனையோ பேர்.

குமரிமுனை அருகிலிருந்து வடக்கு நோக்கி நீண்ட அந்தப் பெரிய வில்லளவு 1818-ல் இந்தியப் பெரும் முக்கோண அளவை என்று பெயர் பெற்றது. ஜார்ஜ் எவரெஸ்ட் உதவியாளராகச் சேர்ந்தார். லாம்டன் ஓய்வு எடுக்கவில்லை. எழுபது வயதை ஒட்டி, நாக்பூர் போகும் வழியில் ஹிங்கன்காட்டில் 1823 ஜனவரி 20-ந்தேதி இறந்தார். அங்கேயே புதைத்தார்கள். அவர் தொடங்கிய வேலையின் தொடர்ச்சியில்தான் உலகத்திலேயே உயரமான சிகரம் கணக்கிடப்பட்டது. அந்தச் சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயர் வந்தது. லாம்டன் பெயரில் சிகரம் இல்லை.

பிடிக்காத ரீடிங்

கடைசியாக, நான் இவரைத் தேர்ந்தெடுத்த உண்மையான காரணம். லாம்டனின் கணக்கில் பெங்களூர்ப் பக்கத்து நட்சத்திர ரீடிங் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. அவர் அதை அழிக்கவில்லை, திருத்தவும் இல்லை. தரைக்கடியில் அடர்த்தியான பாறை தூக்குக்குண்டு நூலைப் பக்கவாட்டில் இழுக்கிறதோ என்று சந்தேகப்பட்டார். பிடிக்காத ரீடிங்கிலிருந்து பூமிக்குள்ளே என்ன இருக்கிறது என்ற புதிய கேள்வி பிறந்தது.

நம்ம லேபில் என்ன நடக்கிறது? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். விடை 9.8 வர வேண்டும் என்று முதலில் எழுதிவிட்டு, பின்னாலிருந்து ரீடிங் தயாரிப்பது எல்லாக் கல்லூரியிலும் உண்டு. எக்செல் வந்த பிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது. கோட்டுக்கு வெளியே நிற்கும் புள்ளியை டெலீட் அடித்தால் கிராஃப் அழகாகிவிடும். மார்க் வரும். ஆனால் நாளைக்கு நாம்தான் லெவல் எடுக்கப் போகிறோம். 2015 நவம்பரில் நம்ம மாவட்டம் தண்ணீரில் மிதந்தது, 2024 டிசம்பரில் தென்பெண்ணை கரை தாண்டி ஊருக்குள் வந்தது. ஒரு வாய்க்காலின் மட்டத்தில் பத்து சென்டிமீட்டர் தப்பினால் போதும், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதே மாறிவிடும். அந்தத் தெருவில் யார் வீடு இருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

ஆகவே நண்பர்களே, மூன்று பழக்கம் போதும். முதல் ஷீட்டில் ஃபீல்ட் புக்கில் எழுதிய ரீடிங் அப்படியே இருக்கட்டும், அதைத் தொடக் கூடாது. கணக்கும் திருத்தமும் இரண்டாவது ஷீட்டில். ஒத்துப்போகாத ரீடிங்கை அழிக்காமல் பக்கத்தில் ஒரு காலம் சேர்த்து, ஏன் சந்தேகம், அன்று வெயிலா காற்றா, ஸ்டாஃப் சாய்ந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள். முடிந்தால் இன்னொரு தடவை போய் அளந்து வாருங்கள்.

அடுத்த தடவை திருவந்திபுரம் கல்யாணத்துக்குப் போனால், சாப்பாட்டுக்கு முன் ஒரு நிமிஷம் வானத்தை அண்ணாந்து பாருங்கள். இந்த ஊரில் நின்று ஒருவர் பூமியை அளந்தார், அளந்ததை உள்ளபடியே எழுதினார். நம்ம ரெக்கார்டு நோட்டும் அப்படி இருக்கட்டும்.



மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன், நெல்லிக்குப்பம்